நான்காவது பெட்டி

சசிகரனுக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்குச் சொல்லக் குணேஸ்வரியிடம் ஒன்றும் இருக்கவில்லை. விபத்து இல்லை. செத்தவீடு இல்லை. சண்டை சச்சரவும் இல்லை. ஒருநாள் காலையில் அவளுடைய கணவன் ஓட்டோவை எடுக்கப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. காய்ச்சலாக்கும் என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். குளிர்ந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு அவன் முன்ஹோலில் இருந்த கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். எழுந்து குளிப்பான், வைத்ததில் பாதியைச் சாப்பிடுவான், திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்வான்.

அவர்கள் வீடு உப்புவெளியில், விருந்தினர் விடுதிகளுக்குப் பின்னால் போகிற மணல் ஒழுங்கையில் இருந்தது. விடுதிகளுக்கு வருகிற வெள்ளைக்காரரைக் கோணேசர் கோயிலுக்கும் கோட்டைக்கும் ஏற்றிப்போய்க் கொண்டுவருவதுதான் சசிகரனின் தொழில். ஆட்களோடு கதைத்துச் சிரிக்கத் தெரிந்த மனிதன். அதனால்தான் ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு அவன் படுத்துக் கிடந்தது விளங்கவில்லை. "ஆரும் செய்வினை செய்திருப்பினம்," என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் கிளினிக் டொக்டர் மனச்சோர்வு என்றார். குளிசை தந்தார். குளிசை போட்டதும் நித்திரை கூடியது, அவ்வளவுதான்.

குணேஸ்வரி திருகோணமலை நகரத்தில் சந்தைக்குக் கிட்ட ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்தாள். சுனாமிக்குப் பிறகு பெண்களுக்குத் தொழில் பழக்குகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தபோது, தையல் வகுப்பில் இடமில்லை என்று அவளை ரேடியோ, ரீவி திருத்துகிற வகுப்பில் போட்டார்கள். அழுதுகொண்டுதான் போனாள். ஆனால் ஈயமும் சூட்டுக்கோலும் அவளுக்குக் கைவந்தன. கடைக்காரன் ஹஸ்மி அவளைவிடப் பத்து வயது இளையவன். தண்ணீருக்குள் விழுந்த போன், கடற்காற்றில் உக்கிய போன் என்று எது வந்தாலும் "அக்காட மேசைக்குக் கொண்டு போங்க," என்றுவிடுவான்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் பழைய இரும்பு வாங்குகிற ஸைனுலாப்தீன் தன் சின்ன லொறியோடு ஒழுங்கைக்குள் வந்தார். பின்வளவில் தகரக் கொட்டிலுக்குள் நின்ற பெட்டி அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"தங்கச்சி, அந்த கேம் பெட்டியக் குடுப்பீங்களா? பலகை எல்லாம் கறையான் திண்டுட்டு. உள்ளுக்குக் கிடக்கிற செம்புக் கம்பிதான் எனக்குத் தேவை."

"எடுத்துக்கொண்டு போங்கோ நானா," என்றாள் குணேஸ்வரி. இடமாவது மிஞ்சுமே என்றுதான் நினைத்தாள்.

அப்போது உள்ளிருந்து குரல் வந்தது. "அதைக் குடுக்க வேண்டாம்."

கேட்காமல் தானாக அவன் ஒரு சொல் சொல்லி எவ்வளவு காலம் என்று அவளுக்கு நினைவில்லை. வாசலில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துத்தான் கிடந்தான்.

"என்ன சொன்னனீங்கள்?"

"குடுக்க வேண்டாம் எண்டனான்."

ஸைனுலாப்தீன் லொறியைத் திருப்பினார்.

அந்தப் பெட்டி, சசிகரன் இளந்தாரியாக இருந்தபோது கொழும்பிலிருந்து லொறியில் இறக்கிய நான்கில் ஒன்று. துறைமுகத்துக்கு இறங்குகிற வீதியில் சின்னக் கடையொன்றை எடுத்து நான்கையும் சுவரோரமாக நிறுத்தியிருந்தான். காசைப் போட்டால் திரை எழும்பும். இரண்டு சண்டைக்காரர்கள் எதிரெதிரே நின்று குத்திக்கொள்வார்கள். துறைமுகத்து வேலையாட்களும் பள்ளிக்கூடப் பொடியளும் போர்க்கால ஊரடங்குக்கு முன்னால் முண்டியடிப்பார்கள். கையில் போன் வந்த பிறகு கடையில் ஆள் இல்லை. மூன்று பெட்டிகள் விலைப்பட்டன. நான்காவது வேலை செய்யாததால் யாரும் கேட்கவில்லை. கொட்டிலுக்குள் போனது.

குணேஸ்வரி அன்று பின்னேரமே கொட்டிலுக்குள் போய்ப் பெட்டியின் பின்கதவைத் திறந்தாள். எலி கூடு வைத்திருந்தது. கூட்டை இழுத்தெடுத்தபோது அதன் அடியில் மின்சுற்று போர்ட் தெரிந்தது. ஒரு தட்டு அகலத்தில் இரண்டு போர்ட்கள், ஒன்றின்மேல் ஒன்று. எண்ணெழுத்துத் தேய்ந்த கறுப்பு ஐசிச் சில்லுகள் வரிசை வரிசையாக இருந்தன. கால்களில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. துவாயில் சுற்றி மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஹஸ்மி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "அக்கா, இது என்ட வாப்பாட காலத்துச் சாமான். இதுட சேர்க்கிற் வரைபடம் எங்கயும் கிடைக்காது. கள்ளமா அடிச்ச போர்ட் போல கிடக்கு, கம்பனிப் பேரும் இல்ல. எதுக்கு இது?"

"அவர் குடுக்க வேண்டாமெண்டு சொன்னவர், தம்பி."

ஹஸ்மியின் சிரிப்பு நின்றது. சசிகரனின் ஓட்டோவில் பள்ளிக்கூடம் போனவன் அவன். "மத்தியானத்தில மேசை சும்மாதானே கிடக்கு. பாருங்க," என்றான்.

முதல் பிழை மின்சாரத்தில் இருந்தது. போர்டுக்கு ஐந்து வோல்ட் வேண்டும். பெட்டிக்குள் இருந்த பழைய பவர் சப்ளை நாலுக்கே மூச்சு வாங்கியது. ஒரு பழுதான கொம்பியூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றி மாட்டினாள். படத்துக்கு ஹஸ்மியின் வீட்டிலிருந்து பழைய பெரிய ரீவி ஒன்று வந்தது. அதற்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மாற்றி தேவைப்பட்டது. எல்லாம் கூட்டிச் சுவிட்சைப் போட்டபோது திரையில் எழுத்துகளும் கட்டங்களும் கொட்டிக் கிளறியதுபோல வந்தன. ஒரு கணம் நின்றன. இருண்டது. திரும்ப அதே கிளறல், திரும்ப இருட்டு. ஆட்டம் தொடங்கப் பார்க்கிறது, ஏதோ ஒரு இடத்தில் வழி தவறுகிறது, காவலுக்கு இருக்கிற மின்சுற்று அதைப் பிடித்துத் திரும்பத் தொடக்கத்துக்கே தள்ளுகிறது. இவ்வளவும் அவளுக்கு விளங்கியது. எந்த இடத்தில் தவறுகிறது என்பதுதான் தெரியவில்லை. நூற்றுக்கு மேல் ஐசிகள் கிடந்தன.

அன்று வீட்டுக்கு வந்து, சோற்றுக் கோப்பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். "இஞ்சேருங்கோ, அந்தப் பெட்டி நிண்டு போறதுக்கு முதல் எப்பிடி இருந்தது?"

பதில் வராது என்றுதான் நினைத்தாள். குசினிக்குப் போகத் திரும்பிவிட்டாள்.

"கோடு விழும்," என்றான் சசிகரன்.

"எங்க?"

"திரையில. நெட்டுக்கோடு. தட்டினாப் போயிடும்."

"எங்க தட்டுவியள்?"

"வலப்பக்கம். கீழ."

குணேஸ்வரி குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைக்க நினைத்தாள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

தட்டினால் சரியாகிறது என்றால் எங்கோ தொடுப்பு விட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தம். மறுநாள் போர்டின் வலப்பக்கக் கீழ்மூலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். அங்கே இருந்த ஐசிகள் ஈயம் வைத்து ஒட்டியவை அல்ல, சொக்கற் என்கிற கூட்டுக்குள் செருகியவை. ஆட்டத்தின் படங்களும் கட்டளைகளும் அவற்றுக்குள்தான் பதிந்திருந்தன. ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். கால்கள் கறுத்திருந்தன. அழிறப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துத் திரும்பச் செருகினாள். கடைசி ஐசியின் ஒரு கால் தேய்க்கும்போதே முறிந்து மேசையில் விழுந்தது. அதற்கு மாற்று இந்த உலகத்தில் எங்கே தேடுவது? ஹஸ்மி எட்டிப் பார்த்தான். பாவமாக இருந்தது போல, தேத்தண்ணி எடுத்துவரப் போய்விட்டான். அவள் தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பியை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முறிந்த இடத்தில் மிஞ்சியிருந்த துளி உலோகத்தில் ஈயம் வைத்து ஒட்டினாள். பிடித்தது.

கிளறல் குறைந்தது. ஆனால் திரை இன்னும் இருண்டு இருண்டு வந்தது. போர்ட் ஓடும்போது ஒவ்வொரு ஐசியாக விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றில் விரல் வைக்க ஏலாத சூடு. ஆட்டம் நடக்கும்போது கணக்குகளை நினைவில் வைத்திருக்கிற மெமரி ஐசி அது. உள்ளே வெந்துபோயிருக்க வேண்டும். அதே மாதிரி ஐசி பழைய பிரின்டர்களுக்குள் இருக்கும் என்று ஹஸ்மி இணையத்தில் தேடிச் சொன்னான். குணேஸ்வரி ஸைனுலாப்தீனின் காணிக்குப் போனாள். இரும்புக் குவியலுக்குள் இறங்கித் தேடி, ஏதோ கந்தோரிலிருந்து வந்த ஒரு பிரின்டரைக் கண்டுபிடித்தாள். அவர் அதற்கு ஒன்றும் வாங்கவில்லை. "பெட்டியத் தராட்டிப் பரவாயில்ல தங்கச்சி," என்றார். "அவருக்குச் சொகமாகட்டும்."

இந்த நாட்களில் எல்லாம் அவள் வீட்டுக்கு ஒரு கேள்வியோடு வந்தாள். காசு போட்டால் முதலில் என்ன எழுத்து வரும்? பெட்டி கூடுதலாக நிற்பது பகலிலா, இரவிலா? சூட்டுக்கா, மழைக்கா? அவன் பதில் சொன்னான். சில வேளை ஒரு சொல், சில வேளை ஒரு முழு வசனம். "மாரியில நிக்காது. வெயிலுக்குத்தான்." மறுமொழி தெரிந்த கேள்விகளையும் அவள் கேட்கத் தொடங்கினாள். பஸ்ஸில் வரும்போது கேள்விகளை யோசித்துச் சேர்த்து வைத்தாள். ஒருநாளில் இரண்டு கேட்டால் இரண்டாவதுக்குப் பதில் வராது என்று கண்டு, ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

புது ஐசியை ஒட்டியதும் திரை இருளாமல் நின்றது. சண்டைக்காரர்கள் இருவரும் வந்து நின்றார்கள். ஆனால் எல்லாம் நீலமும் பச்சையுமாக இருந்தன, கடலுக்கடியில் நிற்பதுபோல.

"இடப்பக்கம் நிக்கிறவன்ர உடுப்பு என்ன நிறம்?" என்று அன்று கேட்டாள்.

சசிகரன் முதல்முறையாகச் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். "சிவப்பு," என்றான். "நல்ல இரத்தச் சிவப்பு. ஏன், வரேல்லையோ?"

"இல்லை. பச்சையா நிக்கிறான்."

"பச்சையா?" அவன் வாயோரம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல ஏலாது. ஆனால் அவள் அதைச் சிரிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

அப்படியென்றால் சிவப்பு நிறத்தைக் கொண்டுபோகிற பாதை எங்கோ அறுந்திருக்கிறது. மீற்றரின் இரண்டு முனைகளையும் வைத்து, சத்தம் வருகிறதா என்று அந்தப் பாதையை அடி அடியாகத் தொட்டுக்கொண்டு போனாள். எலி மூத்திரம் பட்ட இடத்தில், பச்சைப் பூச்சுக்கு அடியில், மயிரளவு செம்பு அரித்துப்போயிருந்தது. மேலால் ஒரு கம்பியை இழுத்து ஒட்டினாள். சண்டைக்காரனின் உடுப்பு சிவந்தது.

அன்று அவள் மகளுக்குப் போன் எடுத்தாள். கௌசிகா வவுனியாவில் கலியாணம் முடித்து இருந்தாள். "அப்பா கதைக்கிறார், பிள்ளை. ஒவ்வொரு நாளும் கதைக்கிறார்."

"உண்மையாவோ அம்மா? என்ன கதைக்கிறவர்?"

"வந்து பாரன்."

ஞாயிற்றுக்கிழமை கௌசிகா முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். தகப்பனுக்குப் பிடித்த மஸ்கற் அல்வா வாங்கி வந்திருந்தாள். முதல்நாள் ஹஸ்மியும் ஒழுங்கைக்காரர் இரண்டுபேரும் பெட்டியைத் தூக்கி ஹோலுக்குள் வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் இருந்த பழைய திரையும் தூசி தட்டியதும் எழும்பிவிட்டது. குணேஸ்வரி அரித்த பலகைக்கு மேல் ஒரு சீலையைப் போட்டிருந்தாள். சுவிட்சைப் போட்டதும் பாட்டு எழும்பியது. சத்தமும் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. கௌசிகா கைதட்டினாள்.

"அப்பா, எழும்பி வாங்கோ. அம்மா திருத்திப்போட்டா."

சசிகரன் எழும்பி வந்தான். சாறத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றான். ஒரு கையைப் பிடியிலும் மற்றக் கையைப் பட்டனிலும் வைத்தான். குணேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரையைப் பார்க்கவில்லை. ஆட்டம் தொடங்கியது. எதிரி வந்து அடித்தான். சிவப்பு உடுப்புக்காரன் கையைத் தூக்கவே இல்லை. எதிரி திரும்பவும் அடித்தான். சிவப்பு உடுப்புக்காரன் விழுந்தான். எண்கள் இறங்கி இறங்கி வந்தன, தொடர வேண்டுமா என்று கேட்டபடி.

"இன்னொருக்கா அப்பா," என்றாள் கௌசிகா.

"போதும் பிள்ளை. ஏலாது." பிடியைக் கவனமாக விட்டு, கட்டிலுக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பினான்.

குசினிக்குள் வந்து கௌசிகா அழுதாள். "நீங்கள் சொன்னது வேற மாதிரி இருந்தது அம்மா. நான் அவருக்கும் சொல்லிப்போட்டு வந்தனான், அப்பாவுக்குச் சுகமாயிட்டுதெண்டு."

அவர் என்றது புருஷனை. குணேஸ்வரி மஸ்கற்றைத் தட்டில் வைத்துச் சசிகரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் ஒரு துண்டு எடுத்தான். மகள் பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகுதான் குணேஸ்வரிக்கு அந்த உண்மை உறைத்தது. பெட்டி வேலை செய்கிறது. இனிக் கேட்க ஒன்றும் இல்லை. கறி உறைக்குதோ என்று கேட்டாள், பதில் வரவில்லை. விடுதியில் இத்தாலிக்காரர் வந்திருக்கினமாம் என்றாள். நித்திரையோ என்றாள். பழைய மௌனம் பழைய இடத்திலேயே வந்து இருந்துகொண்டது. ஹோலில் பெட்டி நின்றது, யாரும் சுவிட்சைப் போடவில்லை. கடைக்குப் போனால் ஹஸ்மி, "எப்பிடியக்கா, விளையாடுறாரா?" என்று கேட்டான். "ஓம்," என்றாள்.

ஒருநாள் வேலைக்குப் போகாமல் நின்றாள். சசிகரன் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துப் பின்கதவைத் திறந்து, கூட்டிலிருந்து ஒரு ஐசியை நெம்பி எடுத்துக் குசினி அலுமாரிக்குள் வைத்தாள். அன்று மூச்சை அடக்கிக்கொண்டு கால் ஒட்டிய அதே ஐசி அது. சுவிட்சைப் போட்டாள். திரை முழுக்கக் கோடு.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது சொன்னாள். "இஞ்சேருங்கோ, திரும்பக் கோடு விழுது. என்னவாயிருக்கும்?"

சசிகரன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். துவாய் தோளில் கிடந்தது.

"நீர் கழட்டினனீர்," என்றான்.

கோபம் இல்லை குரலில்.

"எனக்காக உதெல்லாம் செய்யாதேயும், குணேஸ்."

"நீங்கள் கதைச்சனீங்கள்தானே? கேக்கக் கேக்கச் சொன்னனீங்கள்தானே?"

"நீர் கேட்டனீர் எண்டு சொன்னனான்." அவன் கட்டில் விளிம்பில் இருந்தான். "பஸ்ஸால வந்து இறங்கி, உடுப்பு மாத்தாமல், என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நிப்பீர். சொல்லாட்டில் உமக்கு எப்பிடி இருக்கும்? அதுக்காகச் சொன்னனான். ஒரு சொல்லை எடுக்க எனக்குப் பகல் முழுக்க வேணும்."

"அப்ப குடுக்க வேண்டாமெண்டது?"

"ஏன் சொன்னனான் எண்டு தெரியேல்ல. சொன்ன பிறகு, ஏன் சொன்னனான் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான்." அவன் துவாயை எடுத்து மடியில் வைத்தான். "எனக்கு விருப்பம் வருதில்ல, குணேஸ். ஒண்டிலயும். முந்தி விருப்பம் எப்பிடி வந்தது எண்டும் தெரியேல்ல."

அவள் அவனருகே இருந்தாள். அழுகை வரவில்லை. இத்தனை வாரமாகத் தான்தான் அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று நினைத்திருந்தாள். ஏலாத உடம்போடு அவன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. திரையில் கோடுகள் அசைந்துகொண்டிருந்தன. எழும்பிப் போய் நிறுத்தினாள்.

அடுத்த கிளினிக் நாளில் வழமைபோல அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி மரவாங்கில் உட்கார்ந்து நெடுநேரம் காத்திருந்தார்கள். வெளியே, நகரத்துக்குள் திரிகிற மான்களில் ஒன்று மதிலோரத்தில் கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது. டொக்டர் இளம் பெண், புதியவர். கோப்பைப் பார்த்துக்கொண்டே தமிழில் கேட்டார்.

"நித்திரை வருதா, ஐயா?"

"வருது."

"சாப்பாடு?"

"சாப்பிடுறன்."

"முந்தியவிடப் பரவாயில்லையா?"

"பரவாயில்லை டொக்டர்," என்றான் சசிகரன், மெல்லச் சிரிக்கவும் பார்த்தபடி.

அந்தச் சிரிப்புக்கு அவன் எவ்வளவு பாடுபட்டான் என்று குணேஸ்வரிக்குத் தெரிந்தது. "இல்லை டொக்டர்," என்றாள். "அவர் நீங்கள் கேக்கிறீங்கள் எண்டதுக்காகச் சொல்லுறார். என்னட்டயும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு இருந்தவர். சுகமில்லை. ஒரு துளியும் சுகமில்லை."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு முதல்முறையாகச் சசிகரனை நிமிர்ந்து பார்த்தார். அவன் மறுக்கவில்லை. முகத்திலிருந்த சிரிப்பை மட்டும் இறக்கிவைத்தான். சில கேள்விகளைத் திரும்பவும் கேட்டார், இந்தமுறை மெதுவாக. சாக வேண்டும் என்று நினைக்கிறதுண்டா என்றும் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். "ஓம்," என்றான்.

குணேஸ்வரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

குளிசையை மாற்றினார்கள். கிழமைக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். அவனைத் தனியே விட வேண்டாம் என்றார்கள். புதுக் குளிசை வேலை செய்யக் கனநாள் எடுக்கும், செய்யாமலும் விடலாம், அப்போது வேறு பார்ப்போம் என்றார் டொக்டர். குணேஸ்வரி ஹஸ்மிக்குச் சொல்லிக் கடை வேலையை வீட்டுக்குக் கொண்டுவர ஒழுங்கு செய்தாள். இப்போது ஹோலில் அவளுக்கு ஒரு சின்ன மேசை இருக்கிறது, கட்டிலுக்குப் பக்கத்தில். மத்தியான வெயிலில் அவள் போன்களைக் கழற்றிப் பூட்டுகிறாள். அவன் சுவரைப் பார்த்துக் கிடக்கிறான். அவள் அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. இடையிடையே சூட்டுக்கோலை வைத்துவிட்டு, முதுகு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறாள்.